பீட்டிலுக்கு போர்ஷே வீல்: நான்கு வழிகள், ஒரு கணக்கு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் போர்ஷே வீல் ஆசை வரும். வேறு பழைய கார்களில் அடுத்த கம்பெனி வீலை மாட்டினால் இரவல் சட்டை போட்ட மாதிரி தெரியும். பீட்டிலில் அப்படித் தெரிவதில்லை, ஏனென்றால் இது ஒரே குடும்பத்துக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல். பீட்டிலை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1948-ல் ஆஸ்திரியாவின் க்மூண்ட் ஊரில் உருவான முதல் போர்ஷே 356, பீட்டிலின் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் வைத்துத்தான் கட்டப்பட்டது. 1963-ல் டிஸ்க் பிரேக்கோடு 356 சி வரும்வரை இரண்டு கார்களுக்கும் ஒரே போல்ட் வட்டம் (போல்ட்டுகளின் நடுவழியே வரையும் வட்டத்தின் விட்டம்): ஐந்து போல்ட், 205 மி.மீ. அந்தக் காலத்து பீட்டில்காரர் போர்ஷே வீலை வாங்கி வந்து நேராக மாட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்கப்புறம் வந்தது. போர்ஷே 911 ஐந்து போல்ட், 130 மி.மீ. வட்டத்தோடு வந்தது. பீட்டிலும் 1960-களின் பிற்பாதியில் 130 மி.மீ.க்கு மாறியது, ஆனால் நான்கு போல்ட்டோடு. வட்டம் ஒன்று, போல்ட் எண்ணிக்கை வேறு. இந்த மாற்றம் எல்லா மாடலிலும் எல்லா நாட்டிலும் ஒரே ஆண்டில் நடக்கவில்லை. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பாமல், வீலைக் கழற்றி போல்ட்டை எண்ணிவிடுவது நல்லது. இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் நான்கு போல்ட் காரைப் பற்றி, ஏனென்றால் அதில்தான் வழிகள் பல, தப்பு செய்யும் வாய்ப்பும் பல.

நான்கு வழிகள் உண்டு. போர்ஷே 914-ன் நான்கு போல்ட் வீலை நேரடியாக மாட்டுவது. 911 அல்லது 944-ன் ஐந்து போல்ட் வீலை அடாப்டர் (டிரம்முக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் உலோக வட்டு) வைத்து மாட்டுவது. அதே வீலுக்காக, வீல் போல்ட் ஏறும் பிரேக் டிரம்மையே மாற்றுவது. போர்ஷேயை விட்டுவிட்டு மெர்சிடிஸ் பக்கம் போவது.

914 வழி

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவு நேரானது. 914 என்பது ஃபோக்ஸ்வேகனும் போர்ஷேயும் சேர்ந்து செய்த கார், 1969 முதல் 1976 வரை வந்தது. நான்கு சிலிண்டர் 914-க்கு பீட்டிலின் அதே நான்கு போல்ட், 130 வட்டம், அதே 15 அங்குலம். ஆறு சிலிண்டர் 914/6-க்கு மட்டும் 911-ன் ஐந்து போல்ட். 914-க்கு ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த 5.5 ஜே (அதாவது 5.5 அங்குல அகல) அலாய் வீல் ஒன்று உண்டு. 911 வீலின் முகஜாடை, ஆனால் நான்கு துளை. பீட்டிலின் மட்கார்டுக்குள் அது அடக்கமாக உட்காரும். அடாப்டர் வேண்டாம், லேத் பட்டறை வேண்டாம்.

குறை விலைதான். நான்கு சிலிண்டர் 914 மொத்தமே ஏறத்தாழ 1,15,000 தான் தயாரானது, அதிலும் எல்லாவற்றுக்கும் ஃபூக்ஸ் வீல் கிடையாது. பீட்டிலோ 2 கோடிக்கு மேல். இந்த வீலுக்கு 914 உரிமையாளர்களும் நம்மோடு போட்டி. அசல் ஃபூக்ஸ் முத்திரைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அதே வடிவத்தில் 4×130-க்கே துளையிட்டு விற்கும் நகல் வீல்கள் இருக்கின்றன. சிலர் அவற்றை இளக்காரமாகப் பார்ப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். தரமான நகல் வீல், தப்பாகப் பொருத்திய அசல் வீலைவிடப் பத்திரம்.

911, 944: கணக்கு இங்கேதான்

எல்லோர் மனதிலும் இருக்கும் வீல் 911-னுடையது. 1966-ல் 911 எஸ் மாடலுக்காக வந்த ஃபூக்ஸ். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகனில் உள்ள ஓட்டோ ஃபூக்ஸ் கம்பெனி அலுமினியத்தை வார்க்காமல் அடித்து உருவாக்கிய வீல், ஐந்து இதழ். எடையும் குறைவு, பலமும் அதிகம். பீட்டில் 911-ஐவிட எடை குறைந்த கார், அதனால் வீல் தாங்குமா என்ற கவலையே தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது ஆஃப்செட். வீலின் அகலத்தை நடுவில் பிளந்தால் கிடைக்கும் கோட்டுக்கும், டிரம்மில் ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. வீலின் உள்பக்கம் ஈ.டி. என்று பொறித்து பக்கத்தில் எண் இருக்கும். எண் பெரிதானால் வீல் காருக்கு உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். போல்ட் துளை பொருந்துகிறதா என்று ஆயிரம் தடவை கேட்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பீட்டிலின் இரும்பு ரிம் 4.5 ஜே, ஈ.டி. 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.5 அங்குலத்தில் பாதி 57 மி.மீ. அதோடு 34-ஐக் கூட்டினால் 91: உள்பக்கம் ரிம் அவ்வளவு போகிறது. கழித்தால் 23: வெளிப்பக்கம் அவ்வளவு வருகிறது.

இப்போது 911-ன் 6 ஜே ஃபூக்ஸ், ஈ.டி. 36. டிரம்மை மாற்றி நேராக மாட்டினால் உள்ளே 112, வெளியே 40. அதாவது பழையதைவிட உள்ளே 21 மி.மீ., வெளியே 17 மி.மீ. கூடுதல். பின்பக்கம் இது அனேகமாகப் பொருந்தும். முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான சஸ்பென்ஷன் தண்டு) வைத்த 1302, 1303 பீட்டில் மாடல்களில் உள்பக்கம் ஸ்ட்ரட்டோடு உரசுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதே வீலுக்கு 20 மி.மீ. அடாப்டர் வைத்தால் உள்ளே 92, வெளியே 60. உள்பக்கம் பழைய ரிம் மாதிரியே ஆகிவிட்டது, வெளியே 37 மி.மீ. தள்ளி வந்துவிட்டது. அடுத்து 7 ஜே, ஈ.டி. 23.3 ஃபூக்ஸை எடுத்து அதற்கும் அடாப்டர் போட்டால் வெளியே 86. பழையதைவிட 63 மி.மீ. அதிகம். மட்கார்டைத் தாண்டி டயர் எட்டிப் பார்க்கும். முன்சக்கரத்தில் இப்படி வெளியே தள்ளினால் பேரிங்குக்கும் சுமை, ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்து சேரும்.

944 வேறு கதை. 1987 மாடலிலிருந்து அதன் வீல்கள் பெரிய ஆஃப்செட்டுக்கு மாறின. 7 ஜே, ஈ.டி. 52.3 வீலை நேராக மாட்டினால் உள்ளே 141 போகும், கண்டிப்பாக எதிலாவது இடிக்கும். ஆனால் 25 மி.மீ. அடாப்டர் வைத்தால் உள்ளே 116, வெளியே 62. பீட்டிலின் பின்பக்கத்துக்கு இது யோசிக்கத் தகுந்த அளவு. அடாப்டர் நல்லதா கெட்டதா என்ற பழைய வாக்குவாதத்துக்கு என் பதில் இதுதான்: ஆஃப்செட் பெரிதாக உள்ள வீலுக்கு அடாப்டர் சரி, சிறிதாக உள்ள வீலுக்கு டிரம் மாற்றுவது சரி. 1987-க்கு முந்தைய 944 வீல் ஈ.டி. 23 பக்கம் இருக்கும், அதை 911-ன் 7 ஜே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் உள்பக்க எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடாப்டர் ஏன் இவ்வளவு தடிமன், 8 அல்லது 10 மி.மீ.யில் வராதா என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு துளையும் ஐந்து துளையும் ஒரே 130 வட்டத்தில் வருவதுதான் காரணம். வட்டத்தை எப்படித் திருப்பினாலும், நான்கில் ஒன்றுக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் இடையே 9 டிகிரிக்கு மேல் இடைவெளி கிடைக்காத ஒரு ஜோடி இருந்தே தீரும். 130 வட்டத்தில் 9 டிகிரி என்பது வெறும் 10 மி.மீ. போல்ட்டே 14 மி.மீ. ஒரு போல்ட்டின் தலையைப் பள்ளத்தில் இறக்கி, அதை ஒட்டி அடுத்த ஸ்டட்டுக்கு (தலையில்லாத, நட் போட்டு இறுக்கும் போல்ட்) மரை வெட்ட ஆழம் வேண்டும். மெல்லிய அடாப்டர் என்று யாராவது விற்றால் அந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய ஐந்து போல்ட் பீட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 205 வட்டமும் 130 வட்டமும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

டிரம்மில் அதே வடிவியல் நமக்குச் சாதகமாகிறது. ஒரு துளையை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் மற்ற புதுத் துளைகள் பழையவற்றிலிருந்து குறைந்தது 18 டிகிரி, அதாவது 20 மி.மீ. தள்ளி விழும். நடுவில் 6 மி.மீ. இரும்பு மிஞ்சும். பலர் இப்படித் துளையிட்டு ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. வார்ப்பிரும்பு டிரம், அதுவும் ஐம்பது வயதானது. ஐந்து போல்ட்டுக்கே புதிதாக வார்த்துத் துளையிட்ட டிரம்கள் கடையில் கிடைக்கும்போது எதற்கு அந்த வம்பு?

அப்படிக் கிடைக்கும் டிரம்களில் பல, போர்ஷேயின் 5×130, செவ்ரோலெட்டின் 5×120.65 என இரண்டு வட்டத்துக்கும் துளையோடு வரும். இதைப் பார்த்ததும் சிலருக்கு பி.எம்.டபிள்யூ. ஆசை வந்துவிடும், அதன் வட்டம் 120 என்பதால். 0.65 மி.மீ. தானே, இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்பார்கள். உட்காரும், ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். செய்யாதீர்கள்.

டிரம் மாற்றுவதில் உள்ள ஒரே பெரும்பாடு பின்சக்கரத்தின் 36 மி.மீ. ஆக்ஸில் நட். அதைத் திரும்ப இறுக்க 290 நியூட்டன் மீட்டருக்கும் மேல் வேண்டும். சாதாரண வீல் ஸ்பேனரால் ஆகாது. நீளமான பைப்பும், கார் நகராமல் பிரேக்கை மிதித்துப் பிடிக்க ஒரு ஆளும் வேண்டும்.

மெர்சிடிஸ்

5×112 வட்டம், அடாப்டர் கட்டாயம். வீல் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆஃப்செட்டும் பெரும்பாலும் அடாப்டருக்கு ஏற்றதுதான். கணக்குப்படி குறை சொல்ல அதிகம் இல்லை. பழைய மெர்சிடிஸ்களின் பரோக் அலாய் வீலைச் செய்ததும் அதே ஃபூக்ஸ் கம்பெனிதான். இருந்தாலும் பீட்டிலின் உருண்டை உடம்புக்கு அது ஒட்டவில்லை என்பது என் கண்ணின் தீர்ப்பு. மெர்சிடிஸ் வீலுக்கு உரிய இடம் பீட்டில் இல்லை, 1971-க்குப் பிந்தைய பழைய ஃபோக்ஸ்வேகன் வேன். அதற்கும் 5×112 தான். அங்கே ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய மெர்சிடிஸ் வீலின் துளை 12 மி.மீ. போல்ட்டுக்கானது, வேனுக்கு 14. துளையைப் பெரிதாக்க வேண்டும். வேனின் எடையை வீல் தாங்குமா என்று அதில் பொறித்துள்ள சுமை எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

போல்ட், நட், டயர்

எந்த வழியானாலும் பழைய போல்ட்டையே திருப்பி மாட்டக் கூடாது. இரும்பு ரிம் மெல்லிய தகடு, அலாய் வீல் தடிமனானது. பழைய போல்ட்டில் நாலைந்து சுற்று மரைதான் பிடிக்கும். 14 மி.மீ. போல்ட்டுக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி, போல்ட்டின் விட்டத்தளவாவது உள்ளே போக வேண்டும் என்றால் ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் மேல். கையால் திருகி எண்ணிப் பாருங்கள். அப்புறம் போல்ட் உட்காரும் குழியின் வடிவம். ஃபோக்ஸ்வேகன், போர்ஷே அசல் வீல்களில் அது பந்துபோல உருண்டை, நகல் வீல்கள் பலவற்றில் 60 டிகிரி கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு போல்ட்டை இறுக்கினால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான எண்ணைக் காட்டும், ஆனால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளர ஆரம்பிக்கும். 911 வீலுக்கு டிரம்மில் ஸ்டட் திருகி, போர்ஷேயின் உருண்டை நட்டையே போடுவது சுத்தமான வேலை.

டயரில், பீட்டிலின் ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒரு முன்சக்கரத்தின் நடுவிலிருந்து வருகிறது என்பதை மறக்க வேண்டாம். முன் டயரின் உயரம் மாறினால் முள் பொய் சொல்லும். பழைய 155 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 635 மி.மீ. 195/65 ஆர் 15 கிட்டத்தட்ட அதே உயரம். 17 அங்குலத்துக்குப் போகிறவர்களுக்கு 225/45-ம் அதே அளவில் வரும், முன்பக்கம் அது சுழல இடம் இருக்குமானால்.

ஜெர்மனியில் இந்த வேலையைச் செய்பவர்கள் வீலை மாட்டிய கையோடு பரிசோதனைக்குக் கொண்டுபோய் வண்டியின் ஆவணத்தில் பதிவு செய்ய வேண்டும். முப்பது வயதான கார்களுக்கு அங்கே வரிச் சலுகையோடு பழமைக் கார் நம்பர் பிளேட் ஒன்று உண்டு. அதற்கு மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். 1970-களின் பீட்டிலில் 911 ஃபூக்ஸ் அந்தக் காலத்திலேயே நடந்த மாற்றம் என்று வாதாடலாம். 1990-களின் 17 அங்குல போர்ஷே வீலுக்கு அப்படி வாதாட முடியாது. அங்கே வீல் வாங்கும்போது விலையோடு இந்த நம்பர் பிளேட்டையும் கணக்கில் வைத்துத்தான் பேரம் நடக்கிறது.