பெட்டியில் 5.1, உள்ளே வெறும் ஸ்டீரியோ: ரிசீவர் வாங்கி நான் ஏமாந்த கதை

இன்று காலை ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" தீர்ந்தது என் பதினொரு மாதச் சேமிப்பு மட்டும்தான். வேறொன்றும் தீரவில்லை. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

முதலில், எனக்கு எதற்கு சரவுண்ட் ரிசீவர், அதாவது பட ஒலியைப் பிரித்துச் சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி? ஆடம்பரத்துக்கு இல்லை. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒல்லியான தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் வசனம் சுவரோடு பேசிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலியமைப்பில் திரைப்பட வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. அதை மட்டும் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டால் அப்பா பேச்சைக் கேட்கலாம். இதுதான் என் கணக்கு. வீட்டை மாற்றிப் போன நண்பர் ஒருவர் ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். ரிசீவர் ஒன்றுதான் பாக்கி. புதியதாக, பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளாக வாங்க என் கையிருப்பு போதாது. அதனால் சிக்கனமாகத் தேடினேன்.

தேடிப் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பல விற்பனையாளர்கள் கடை விரிக்கும் ஓர் இணையச் சந்தை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலிச் சாதனங்களை மட்டும் விற்கும் ஒரு கடை. நூற்றுக்கணக்கான பாராட்டுகள். பொருளின் விவரத்தில் 5.1 சேனல், டால்பி, டிடிஎஸ் என்ற பல சேனல் ஒலி வகைகள், 4கே படம், ஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியைப் படம் போகும் கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி), புளூடூத், 1,000 வாட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. விலை என் பதினொரு மாதச் சேமிப்புக்குச் சரியாக அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

இவ்வளவு பார்த்தும் நான் உடனே வாங்கவில்லை. அந்த அளவுக்கு ஏமாளி இல்லை என்று நினைத்திருந்தேன். கடையின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் பொறுமையானவர். அறையின் நீள அகலம் கேட்டார். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று கேட்டார். ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் தரையில் மண்டியிட்டுப் படித்துச் சொன்னேன். எட்டு ஓம். "நல்லது சார், பிரச்சினையே இல்லை" என்றார். பிறகுதான் அந்த வித்தையைச் செய்தார். அவர்கள் கடையிலேயே இதைவிட விலை கூடிய, ஏழு ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் இணைக்கக்கூடிய 7.2 ரிசீவர் ஒன்று இருந்தது. அதை வாங்கலாமா என்று நானே கேட்டேன். "வேண்டாம் சார். உங்கள் அறைக்கு அது வீண் செலவு. மிச்சத்தை வைத்து அப்பாவுக்கு நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள்" என்றார்.

அங்கேதான் நான் விழுந்தேன். விலை கூடியதை வேண்டாம் என்று தடுக்கும் வியாபாரி எப்படி ஏமாற்றுவார்? அந்த 7.2 உண்மையான பொருளாக இருந்திருக்கும், அதில் அவருக்குக் கிடைப்பது சொற்பமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிடத்தில் பணத்தைக் கட்டினேன். நாற்காலி வாங்கவில்லை என்பது வேறு.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. ரிசீவரின் முகப்பில் நீல வளையம் ஒளிரும் பெரிய குமிழ். வலது கீழ் மூலையில் டால்பி சின்னம். எல்லாவற்றையும் இணைத்து ஒரு பழைய படத்தைப் போட்டேன். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது. அறையே அதிர்ந்தது. "கேட்கிறதா அப்பா?" என்றேன். "கேட்கிறது, கேட்கிறது" என்றார். ஆனால் கண்ணை வசன வரிகளிலிருந்து எடுக்கவே இல்லை. என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

மறுநாள் சோதனை ஒலிக்கோப்பு ஒன்றை ஓட்டினேன். "இடது முன்", "நடு", "வலது முன்" என்று ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒரு குரல் பெயர் சொல்லும். பெயர் சொல்லப்பட்ட ஸ்பீக்கர் மட்டும் பேச வேண்டும். "இடது பின்" என்ற குரல் இடது முன்னிலும் வந்தது, இடது பின்னிலும் வந்தது, நடுவிலும் வந்தது. "நடு" என்ற குரல் ஐந்திலும் வந்தது. படம் ஓட்டும் பிளேயரின் தகவல் திரையைத் திறந்தேன். வெளியே போகும் ஒலி: இரண்டு சேனல் பிசிஎம், அதாவது சாதாரண ஸ்டீரியோ.

நடப்பது இதுதான். எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியவுடன் இரண்டு சாதனங்களும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. "என்னால் இன்னின்ன ஒலி வகைகளை ஏற்க முடியும்" என்று பெறும் சாதனம் ஒரு பட்டியலை நீட்டுகிறது. என் பெட்டி நீட்டிய பட்டியலில் இருந்தது வெறும் ஸ்டீரியோ. அதனால் பிளேயர் ஆறு தடங்களையும் இரண்டாகக் கலக்கி அனுப்பியது. பெட்டி அந்த இரண்டை நகலெடுத்துப் பின்னால் அனுப்பிவிட்டு, இரண்டையும் கூட்டி நடுவில் ஊற்றியது. வசனம், இசை, மழை, குதிரைக் குளம்பு எல்லாம் ஒரே குழம்பாக நடு ஸ்பீக்கரில். எதற்காக வாங்கினேனோ அந்த ஒன்றைத்தான் அது செய்யவில்லை. பிளேயரை பிட்ஸ்ட்ரீமுக்கு (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் முறை) வலுக்கட்டாயமாக மாற்றிப் பார்த்தேன். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஓர் இரைச்சல். டால்பியைப் பிரித்துப் படிக்கும் டீகோடரே உள்ளே இல்லை. முகப்பிலிருந்த சின்னத்தை நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது. ஒட்டுத்தாள்.

அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். மின் நுகர்வு 110 வாட். அட்டையில் 1,000 வாட் ஒலி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சுவரிலிருந்து 110 வாட் வாங்கும் பெருக்கி தொடர்ந்து அதைவிடக் கூடுதலாக ஒலி தர எந்த மாயமும் உலகத்தில் இல்லை. வாங்கியதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

சனிக்கிழமையே அழைத்தேன். திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதே மனிதர், அதே பொறுமை. "கேபிள் பழையதாக இருக்கும் சார், மாற்றிப் பாருங்கள்" என்றார். மாற்றினேன். திங்கட்கிழமை, "உங்கள் தொலைக்காட்சி பழைய மாடல், அதுதான் ஒத்துப்போகவில்லை" என்றார். பிளேயரை நேராக ரிசீவரில்தான் சொருகியிருக்கிறேன், தொலைக்காட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். தொடர்பு அறுந்தது. புதன்கிழமை அவரே அழைத்தார். குரலில் தேன். "சார், நீங்கள் சொன்னது சரி. ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வருகிறது, அதில் டால்பி திறந்துவிடும். சனிக்கிழமை அனுப்புகிறேன். இதற்காகத் திருப்பி அனுப்பி அலைய வேண்டாம்." நான் நன்றி வேறு சொன்னேன். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எந்தக் கோப்பும் வரவில்லை. அவருடைய எண் அதன் பிறகு எடுக்கப்படவே இல்லை.

சந்தைக்காரர்களிடம் போனேன். "அவகாசம் முடிந்துவிட்டது. விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்." அவர் எடுப்பதில்லை. "அப்படியென்றால் குறைபாடு இருப்பதாக ஒரு தொழில்நுட்பரிடம் சான்று வாங்கி அனுப்புங்கள்." அலைந்து ஒரு ரிப்பேர்க்காரரைப் பிடித்தேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதில் டீகோடர் சிப்பே கிடையாது, புளூடூத் பலகையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும்தான் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனுப்பினேன். பதில் வந்தது: "சாதனம் திறக்கப்பட்டிருப்பதால் உத்தரவாதம் செல்லாது." சான்று கேட்டதும் அவர்கள், சான்றுக்காகத் திறந்ததால் செல்லாது என்பதும் அவர்கள்! மூன்று வெவ்வேறு பெயர்கள் மின்னஞ்சலில் எனக்கு "ஏற்பட்ட சிரமத்துக்கு" வருந்தின. சிரமமாம். பதினொரு மாதச் சேமிப்பை இவர்கள் அகராதியில் சிரமம் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியாக வந்த தீர்வு, அடுத்த முறை வாங்கும்போது சிறு தள்ளுபடிக்கான ஒரு கூப்பன். அதைத்தான் இன்று காலை "தீர்க்கப்பட்டது" என்கிறார்கள்.

மலிவு விலையில் ரிசீவர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கைக்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதன் கையேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையேடே இல்லாத ரிசீவரைத் தொடாதீர்கள். கையேட்டில் அது பிரித்துப் படிக்கும் ஒலி வகைகளின் பட்டியல் இருக்கும். எச்டிஎம்ஐ துளை இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள்: சில பெட்டிகள் படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிக்குக் கடத்திவிடுவதோடு சரி, ஒலியைத் தாம் எடுத்துக்கொள்வதில்லை.

வாட் எண்ணுக்கு மயங்காதீர்கள். எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஓடும்போது, எவ்வளவு சிதைவோடு என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல், 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு என்று போட்டு 70, 80 வாட் காட்டுபவன் ஓரளவு நாணயமானவன். 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10 சதவீதச் சிதைவு என்று போட்டால் அதே பெட்டி மிகப் பெரிய எண்ணைக் காட்டும். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம் என்று காட்டும் பெரிய வாட் எண்) என்று கண்டால் ஓடிவிடுங்கள். வாட் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே கூடியது போலத்தான் தெரியும்.

4கே இல்லையே என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய ரிசீவரை ஒதுக்காதீர்கள், நான் செய்த முட்டாள்தனம் அது. பிளேயரை நேராகத் தொலைக்காட்சியில் சொருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாகவோ ஆப்டிகல் கேபிள் வழியாகவோ ரிசீவருக்குக் கொண்டுவரலாம். 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த ஏஆர்சியே டால்பி டிஜிட்டல் 5.1ஐச் சுமக்கும். தொலைக்காட்சி அந்த ஒலியைச் சுருக்காமல் 5.1ஆகவே வெளியே விடுகிறதா என்பதை மட்டும் அதன் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூ-ரேயின் இழப்பில்லா ஒலியும் தொலைக்காட்சி வழியாகவே வேண்டும் என்றால்தான் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி தேவை. எங்கள் அப்பாவின் வசனத்துக்கு அதெல்லாம் எதற்கு?

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டியென்றால் பின்தகட்டில் வோல்ட்டைப் படியுங்கள். 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230இல் சொருகினால் வாங்கிய அன்றே புகை பார்க்கலாம். பிரிக்கும்போது காணொளி எடுங்கள். முதல் நாளே சேனல் சோதனை ஓட்டுங்கள். திருப்பி அனுப்பும் கடைசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் எதையாவது தருவதாக எவராவது சொன்னால், பெட்டியை அந்த நிமிடமே கட்டி அனுப்பிவிடுங்கள்.

இதை எழுதும்போது அந்தச் சந்தைக்குள் மறுபடி போய்ப் பார்த்தேன். கடையின் பெயர் மாறியிருக்கிறது. அதே படங்கள், அதே 1,000 வாட், விலை மட்டும் சற்றுக் குறைவு. நீல வளையம் ஒளிரும் பெரிய குமிழ், வலது கீழ் மூலையில் சற்றே கோணலாக ஒட்டிய டால்பி சின்னம். கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.