பினாங்கில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது: கோப்பிக்கடையா, நாசி கண்டாரா, தெருவோரமா?

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதிலிருந்து "அங்கே போனால் எங்கே சாப்பிடுவது?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையிலேயே வைத்திருக்கிறார்கள்: லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு, அலுத்தால் நாசி கண்டார் என்னும் தமிழ் முஸ்லிம் கறிச்சோறு. இரண்டுமே நல்ல சாப்பாடு. ஆனால் அந்தத் தீவில் இரண்டு நாள்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் காலையில் போக வேண்டிய இடம் சீனர்களின் கோப்பிக்கடை. இது என் உறுதியான கட்சி. மற்ற இடங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

கோப்பித்தியாம் என்று சீனர்கள் சொல்லும் இந்தக் கடையின் ஏற்பாடு எளிதுதான், ஆனால் தெரியாமல் போனால் குழப்பும். கடைக்காரர் விற்பது கோப்பி, தேநீர், குளிர்பானம் மட்டும். சாப்பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. கடை முகப்பிலும் ஓரங்களிலும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருப்பார். ஒரு வண்டியில் இறால் சாறு ஊற்றிய ஹொக்கியன் மீ (மீ என்றால் நூடுல்ஸ்), அடுத்ததில் கறி மீ, அதற்கும் அடுத்ததில் வான்தான் மீ. ஒருவருக்கு ஒரு பண்டம்தான். அதையே வருடக்கணக்கில், பல இடங்களில் தலைமுறைக் கணக்கில், செய்துகொண்டிருப்பார். நீங்கள் மேசையைப் பிடித்துவிட்டு, வேண்டிய வண்டிகளில் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க ஆள் உங்களிடமே வருவார். தட்டு வந்ததும் அந்தந்த ஆளிடம் அப்போதே காசைக் கொடுத்துவிடலாம்.

தலைக்கு ஒரு பானம் வாங்க வேண்டும் என்பது பல கடைகளில் எழுதாத விதி, சிலவற்றில் எழுதியே ஒட்டிய விதி. வாங்காவிட்டால் சில இடங்களில் சிறு தொகை கூடுதலாகக் கேட்பார்கள். இதற்குக் கோபப்படுகிற பயணிகளைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரின் பிழைப்பே அந்தக் கோப்பைகளில்தான் இருக்கிறது என்பதால் அது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கோப்பியை ஃபில்டர் காப்பி நாக்கோடு அணுகக் கூடாது. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடிகட்டுகிறார்கள். கசப்பும் கருகிய இனிப்பும் சேர்ந்த கனமான சுவை. வெறுமனே கோப்பி என்றால் கட்டிப்பால் போட்டது, கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும், கோப்பி சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரை வேண்டாம் என்றால் பின்னால் கோசோங் சேருங்கள், ஐஸ் வேண்டுமென்றால் பெங். கூடவே தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ரம்பை இலை சேர்த்துக் கிண்டிய காயா தடவிய ரொட்டியும், சோயா சாறும் வெள்ளை மிளகும் தூவிய அரைவேக்காட்டு முட்டையும் வந்துவிட்டால் காலைப் பசியாறல் முடிந்தது. கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் தோ சூன் கடையில் இன்னமும் கரி நெருப்பில், எண்ணெய்ப் பீப்பாயில் செய்த அடுப்பில்தான் ரொட்டி வாட்டுகிறார்கள். மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ 2024-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது முன்னிறுத்தியது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரே மூன்றையும். எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உட்காருவதற்காகத்தான் அந்த மரியாதை. கோப்பிக்கடையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு குறையோடு: பன்றிக்கறி புழங்கும் கடைகளில் முஸ்லிம்கள் உட்காருவதில்லை.

அந்தக் குறை இல்லாத இடம் நாசி கண்டார். அதே கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கிறது ஹமீதியா. ராமநாதபுரம், கடையநல்லூர் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் காவடி கட்டித் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதுதான் இதன் தொடக்கம். இன்று மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். பரிமாறுகிறவரை "ஆனே" என்று கூப்பிடுவது நம் அண்ணனைத்தான்.

இங்கே நம் ஆட்கள் ஒன்றில் வழுக்குகிறார்கள். நம் ஊர்ச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு, "மீன் குழம்பு மட்டும் ஓரமாக ஊற்றுங்கள்" என்று சொல்லி வாங்குவார்கள். அப்படிச் சாப்பிட்டால் சுமாரான மீன் குழம்புச் சோறுதான் கிடைக்கும். நாசி கண்டாரின் உயிர் குழம்புகள் கலப்பதில் இருக்கிறது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டுக்கறிக் குழம்பு, கருப்பாக இனிக்கிற சோயா மசாலா எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி விழுந்து சோறு நனைய வேண்டும். "குவா சம்புர்" என்றால் எல்லாம் கலந்து, "பஞ்சிர்" என்றால் வெள்ளமாக. ரசம், மோர், அப்பளம் என்ற வரிசையை எதிர்பார்க்காதீர்கள். பொரித்த கோழி, மீன் சினை, கணவாய், அவித்த வெண்டைக்காய், கொஞ்சம் பாகற்காய். அவ்வளவுதான், போதும்.

விலை விஷயத்தில் கோப்பிக்கடை தெளிவாக ஜெயிக்கிறது. அங்கே வண்டியின் பலகையில் சிறியது இவ்வளவு, பெரியது இவ்வளவு என்று எழுதியிருக்கும். நாசி கண்டாரில் தட்டைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். கோழியும் வெண்டைக்காயும் வைத்தால் மலிவு. மீன் தலை, பெரிய இறால், சினை என்று கை நீண்டால் பில்லும் நீளும். கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேரத்தில் ஜெயிப்பது நாசி கண்டார். கோப்பிக்கடையின் காலை வண்டிகள் மதியத்தோடு கிளம்பிவிடும், மாலையில் அதே இடத்தில் வேறு வண்டிகள் வரும், இடையில் ஒரு வறண்ட நேரம் உண்டு. பினாங்கு சாலைச் சந்தில் இருக்கும் லைன் கிளியர் இரவெல்லாம் ஆள் பார்க்கிற கடை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய பெராத்தூர் கடை இரவு பத்து மணி வாக்கில்தான் திறக்கும், திறக்கும் முன்பே வரிசை நீண்டிருக்கும். சரி, எது சிறந்தது? லைன் கிளியர் குழம்பு எனக்குக் கொஞ்சம் தடிப்பு. ஹமீதியாவின் மசாலாவில் ஒரு நிதானம் இருக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு ஹமீதியாவையே சொல்வேன்.

ரொட்டி சானாயும் தே தாரேயும் கிடைக்கும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளைத் தனியாக அலச வேண்டியதில்லை. பசிக்கிறது, வேறு எதுவும் திறந்திருக்கவில்லை, டிவியில் கால்பந்து ஓடினால் பரவாயில்லை என்றால் போய் உட்காருங்கள். ஏமாற்றாது.

அடுத்தது தெருவோரம். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பமே. மாலையில் சாலை ஓரத்தில் வண்டி போட்டு மேசை விரிக்கும் நியூ லேன், சூலியா தெரு, கிம்பர்லி தெரு ஒரு வகை. குர்னி டிரைவ் மாதிரி, ஒரே வளாகத்தில் பல பத்துக் கடைகளை அடுக்கிய அங்காடி நிலையம் இன்னொரு வகை. சுற்றுலாக்காரர்களை எல்லாரும் குர்னிக்குத்தான் அனுப்புகிறார்கள். சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு அது வசதி: உட்கார இடம், கடல் காற்று, எல்லாப் பண்டமும் ஒரே இடத்தில். ஆனால் சுவை தேடிப் போகிறவர் நியூ லேனுக்குப் போங்கள்.

காரணம் சார் குவே தியாவ். பட்டையான அரிசி நூடுல்ஸை முட்டை, இறால், சிப்பி, சீனத் தொத்திறைச்சி, முளைப்பயறு, பூண்டுத்தாள் சேர்த்து வறுக்கிற பண்டம். சில கடைகளில் கேட்டால் வாத்து முட்டை போடுவார்கள், கேளுங்கள். இதற்குத் தேவை கொதிக்கிற சட்டியும் சின்ன அளவும். நல்ல கைக்காரர் ஒரு தடவைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் வறுப்பார். ஐந்து தட்டுக்குச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, முளைப்பயறு தண்ணீர் விட்டு, வறுவல் வேகவைத்ததாக மாறிவிடும். கூட்டம் நெருக்கும் அங்காடி நிலையத்தில் சேர்த்துப் போடும் ஆசை வருவது இயல்பு. அதனால் கடையைத் தேர்ந்தெடுக்க வரிசையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், வறுக்கிறவர் ஒரு தடவைக்கு எத்தனை தட்டு எடுக்கிறார் என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை எனக்குப் பட்டியல்களைவிட நன்றாக உதவுகிறது.

ஆசாம் லக்சா என்றால் ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். கெக் லோக் சி கோயில் மலையடிவாரத்தில், ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அதற்குப் பேர்போன இடம். புளித் தண்ணீரில் கானாங்கெளுத்தியைக் கரைத்த சாறு என்பதால் முதல் வாய் நம் மீன் குழம்பு போலவே இருக்கும். இரண்டாவது வாயில் புதினா, அன்னாசி, இஞ்சிப்பூ வாசம் வரும். கடைசியாக மேலே விட்ட கருப்பு இறால் விழுது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தனியாகக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்.

சைவக்காரர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பார்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன்: கோப்பிக்கடை வண்டிகளிலும் தெருவோரத்திலும் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்வது போதாது. பன்றிக் கொழுப்பு, காய்ந்த இறால், பெலாச்சான் என்ற இறால் விழுது மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். கோப்பி, காயா ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காயாவில் முட்டை உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு. சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாதான், அங்கே சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. அல்லது பௌத்தர்கள் நடத்தும் சீன சைவக் கடைகள். இவற்றை நம் ஆட்கள் தேடிப் போவதே இல்லை, அது பெரிய இழப்பு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இவற்றில் கூட்டம் அலைமோதும். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா வரும் ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் ஊர் முழுக்க முளைக்கும்.

குடிப்பதற்கு: பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் 1936 முதல் விற்கும் தியோச்சியூ செண்டோலை, அதாவது தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் பண்டத்தை, நின்றுகொண்டே சாப்பிடலாம். ஜாதிக்காய்ச் சாறு அந்தத் தீவுக்கே உரியது, பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து வருவது. உப்புப் பிளம் போட்ட அம்ரா என்ற புளிப்புக் காயின் சாறு வெயிலுக்கு அதைவிட நல்லது. பீர் வேண்டுமென்றால் மாலைக் கோப்பிக்கடையும் சீன அங்காடியும். நாசி கண்டாரிலும் மாமாக்கிலும் மது கிடையாது. பத்து ஃபெரிங்கி கடற்கரைக் கடைகளில் மணலில் கால் வைத்துக்கொண்டு குடிக்கலாம், ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுப்பது காட்சிக்கு. அதே பண்டம் ஊருக்குள் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கிறது.

கோப்பிக்கடையை நான் முதலில் வைப்பதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த சட்டம் 2000 தொடக்கத்தோடு போனது. 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்ன அந்தஸ்து வந்ததும் அதே கடைவீடுகள் விடுதிகளுக்கும் அலங்காரக் காப்பி நிலையங்களுக்கும் ஏற்றவையாகிவிட்டன. வண்டிக்காரருக்கு இடம் கொடுத்து, கோப்பி விற்ற காசில் வாடகை கட்டும் கணக்கு அங்கே தாங்காது. வண்டிக்காரர்களுக்கும் வயதாகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் பிரதானச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்று மாநில அரசு 2016 முதல் தடை வைத்தது. கைப்பக்குவம் மாறிவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் வாடகை கட்ட வழியும் வாரிசும் இல்லாத தொழிலைத் தடை மட்டும் காப்பாற்றாது. நாசி கண்டார் குடும்பங்கள் கிளைகளும் பெரிய உணவகங்களும் திறந்து வளர்ந்துவிட்டன. பத்து வருடம் கழித்துப் போனாலும் அவை இருக்கும். கோப்பிக்கடையைப் பற்றி அப்படி என்னால் சொல்ல முடியவில்லை.

போகிற மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டில் கோப்பிக்கடைகளும் வண்டிகளும் பல நாள் மூடிக் கிடக்கும், அப்போது நாசி கண்டாரும் லிட்டில் இந்தியாவும்தான் கை கொடுக்கும். ரமலானில் நிலைமை தலைகீழ்: மாமாக் கடைகளில் பல பகலில் மூடியிருக்கும், மாலையில் ரமலான் சந்தை களைகட்டும். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் நடந்தாலே போதும். வழியெல்லாம் பந்தல், சீனர்கள் போட்ட பந்தலும் உண்டு, சோறும் தண்ணீரும் யாருக்கும் இலவசம்.