மூன்று என்கொயரி, இரண்டு மெஷின்: எந்த ஆர்டரை எடுப்பது, எதை இப்போதைக்கு நிறுத்தி வைப்பது?

ஓசூரில் எனக்கு ஒரு சின்ன மெஷின் ஷாப். ஒரு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (அதேபோல ஓடும், துளையிட்டுச் செதுக்கும் மில்லிங் மெஷின்), என்னையும் சேர்த்து ஐந்து பேர். இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று என்கொயரி வந்தது. மூன்றையும் எடுக்க மெஷின் நேரம் கிடையாது, ஒன்றையும் விடவும் மனசு வரவில்லை. அப்போது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். சிப்காட் பக்கம் புதிதாக ஷெட் எடுக்கிற பையன்கள் வந்து கேட்பதும் இதைத்தான்: "அண்ணா, ஆர்டர் வர்ற மாதிரி இருக்கு, எடுக்கலாமா?"

அந்த 'வர்ற மாதிரி'க்கு நான் ஒரு தடவை ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறேன். ஆறு வருஷம் இருக்கும். ஒரு கம்பெனியில், பேர் வேண்டாம், "பிஓ நாளைக்கு வந்துடும், நீங்க ஃபிக்ஸர் ஆரம்பிங்க" என்றார்கள். (பிஓ என்றால் பர்சேஸ் ஆர்டர், எழுத்தில் தருகிற ஆர்டர். ஃபிக்ஸர் என்றால் பாகத்தை மெஷினில் அசையாமல் பிடித்து வைக்கும் சாதனம்.) ஆரம்பித்தேன். ஃபிக்ஸர் முடிந்து, இன்சர்ட் (வெட்டும் முனை) வாங்கி, முதல் பீஸை ஓட்டி எடுத்துக்கொண்டு போனால் டிராயிங்கில் இரண்டு ஓட்டை இடம் மாறியிருக்கிறது. கையில் பிஓ இல்லை, கேட்கவும் வழியில்லை. வாடிக்கையாளர் பெரியவரா சிறியவரா என்பதை அதற்கப்புறம் நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். அவர் தரப்பில் முடிவெடுத்து முடித்துவிட்டாரா என்பதுதான் முதல்.

சரி, மூன்றுக்கும் வருகிறேன்.

முதலாவது, வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்யும் ஒரு பெரிய யூனிட். அலுமினிய ஹவுசிங், மாதம் 4,000. மெட்டீரியல் அவர்களுடையது, நமக்கு லேபர் மட்டும். டிராயிங் ரிவிஷன் எண்ணோடு, கையெழுத்தோடு வந்தது. இந்தப் பாகம் ஏற்கெனவே இன்னொரு வெண்டரிடம் ஓடுகிறது, அவருக்குக் கெபாசிட்டி போதவில்லை என்பதால் இரண்டாவது ஆள் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அறிகுறி இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற பாகத்தில் டிசைன் அடிக்கடி மாறாது, எண்ணிக்கையும் யாரோ மனசில் போட்ட கணக்காக இருக்காது.

ஆனால் அவர்கள் தயார், நான் தயாரில்லை. இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம் என்று வாயால் சொல்லலாம். செட்டிங், டூல் மாற்றுவது, கரண்ட், டீ எல்லாம் போக உருப்படியாக 13 மணி நேரம் ஓடினால் பெரிது. ஒரு பீஸுக்கு லோடிங்கோடு 10 நிமிஷம் என்றால் மணிக்கு 6, நாளைக்கு 78, மாதம் 25 நாளுக்கு 1,950. அவர்கள் கேட்பதில் பாதிகூட இல்லை. 4,000-க்குத் தலையாட்டியிருந்தால் கடன் வாங்கி இன்னொரு விஎம்சி போட்டிருக்க வேண்டும், அதுவும் ஒரே வாடிக்கையாளரை நம்பி. எங்கள் தெருவிலேயே அப்படிப் போட்டு, ஷெட்யூல் குறைந்த மாதத்தில் தவணை கட்ட முடியாமல் மெஷினை விற்றவரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பேமென்ட். 60 நாள் என்றார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருஷச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்தைக் காட்டி பெரிய வாடிக்கையாளரோடு சண்டைக்குப் போகிறவர் அபூர்வம், அது எனக்கும் தெரியும். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அவர்கள் அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் தந்த வருஷத்தில்தான் கழிக்கலாம். இது அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு உறைக்கிற விஷயம். அதனால் உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றிதழை இணைத்து, 45 நாள் என்று பிஓவில் எழுதச் சொல்லி மெயில் போட்டேன். எழுதிக் கொடுத்தார்கள். உத்யம் பதிவு இல்லாமல் இதைக் கேட்டுப் பயனில்லை, பதிவு இலவசம்தான், இன்னும் செய்யாதவர்கள் தயவுசெய்து செய்துவிடுங்கள். ஜிஎஸ்டி வேறு இருக்கிறது: பில் போட்டுவிட்டால் வாடிக்கையாளர் பணம் தந்தாரா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது, அடுத்த மாதம் நாம் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது, பெங்களூரு பக்கம் ஒரு புது மின்வாகனக் கம்பெனி. முதலில் 50 பிராக்கெட், "அப்புறம் மாசம் 5,000 வரும் சார்". நல்ல பையன்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன் (யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எந்தெந்த மாதம் ரிட்டர்ன் போட்டிருக்கிறார்கள் என்று காட்டும்), ஒழுங்காகத்தான் தாக்கல் செய்திருந்தார்கள். ஏமாற்றுகிற ஆட்கள் இல்லை. ஆனால் பத்து நாளில் மூன்று பேர் போன் செய்தார்கள், மூன்று டிராயிங் வந்தது, இதில் எது கடைசி என்று மூன்று பேராலும் சொல்ல முடியவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: நான் சொன்ன ரேட்டை அவர்கள் குறைத்துப் பேசவே இல்லை. முன்பெல்லாம் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது எனக்கு இது கவலை தரும், ஏனென்றால் பட்ஜெட் முடிவான கம்பெனி ஒரு ரூபாய்க்காவது பேரம் பேசும். பேசாவிட்டால் அந்த 5,000-க்கு இன்னும் யாரும் கணக்கே போடவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. முதலாளி பெரியவர். "தம்பி, போன வருஷம் போட்ட ஷாஃப்ட்டே ஆடுது, வந்து பாருப்பா" என்று கூப்பிட்டார். கூழ் பிழிகிற மெஷினின் ஷாஃப்ட், புஷ், சில உருளைகள், எல்லாம் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்). டிராயிங் கிடையாது, தேய்ந்த பழைய பாகம்தான் சாம்பிள். மூன்றில் இதுதான் தொகை குறைவு, வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும்.

இந்த வேலையில் எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதே பாதி பதில். கூழுக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காய் குவிவது ஜூன், ஜூலையில். பிப்ரவரியில் கூப்பிடுகிறவர் இந்த சீசன் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டவர். மே கடைசியில் கூப்பிடுகிறவருக்கு நாம் ராத்திரி பகலாக உழைத்துக் கொடுக்கலாம், ஆனால் பணத்தைப் பற்றி அவர் அப்போது யோசிக்கக்கூட மாட்டார், அவருடைய காசெல்லாம் காய் வாங்கப் போய்க்கொண்டிருக்கும். 2025-இல் காய் விலை எப்படிப் படுத்தது என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பழைய கூழ் டிரம் டிரம்மாகத் தேங்கிய ஃபேக்டரி ஸ்பேர் பார்ட்ஸுக்குச் செலவழிக்காது. அதனால் அளவெடுக்கப் போனபோது கிடங்கையும் ஒரு பார்வை பார்த்தேன், முக்கால்வாசி காலி. பாதி பணம் முன்பணமாகக் கேட்டேன், உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். கையெழுத்துப் போடுகிறவரும் அவரே, பணம் கொடுக்கிறவரும் அவரே.

பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி. என்ன செய்ய வேண்டும் என்பது முதலாவதில் காகிதத்தில் இருக்கிறது, மூன்றாவதில் தேய்ந்த இரும்பாக இருக்கிறது, இரண்டாவதில் மூன்று பேர் தலைக்குள் மூன்று விதமாக இருக்கிறது. முடிவு சொல்கிற ஆள் மூன்றாவதில் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முதலாவதில் பர்சேஸ், குவாலிட்டி என்று இரண்டு இடம், ஆனால் யார் என்று தெரியும். நாளைக்கே வேலை நின்றுபோனால் முதலாவதில் ஃபிக்ஸர் செலவு மட்டும் என் தலையில், அதிலும் பாதியை பிஓவில் ஏற்றிக்கொண்டேன். இரண்டாவதில் ஃபிக்ஸர், மெட்டீரியல், மெஷின் நேரம் எல்லாமே என்னுடையது.

ஆகவே ஃபேக்டரி வேலையை உடனே எடுத்தேன். ஷாஃப்ட் லேத்தில் போய்விடும், கீவே (சாவி உட்காரும் காடி) போட மட்டும்தான் விஎம்சி வேண்டும். பெரிய யூனிட்டிடம் மாதம் 1,500 என்றால் எடுக்கிறேன், மீதியை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று சொன்னேன், போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன், ஒரு வாரம் கழித்து சரி என்றார்கள். மின்வாகனப் பையன்களிடம் முடியாது என்று சொல்லவில்லை. 50 பீஸ் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் ரேட், மெட்டீரியலுக்கு முன்பணம், தனி ஃபிக்ஸர் கிடையாது. 5,000 பற்றி டிராயிங் ஃப்ரீஸ் ஆன (இனி மாறாது என்று முடிவான) பிறகு பேசுவோம் என்று எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் சந்தோஷமாகச் செய்வேன்.

ஃபேக்டரிப் பாகங்கள் ஏப்ரலில் போய்விட்டன, பாக்கிப் பணமும் அன்றைக்கே வந்தது. பெரிய யூனிட்டுக்கு மூன்று பேட்ச் போயிருக்கிறது, இப்போது 2,500 ஆக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், மூன்றாவது ஷிஃப்டுக்கு ஆள் பார்த்தால் முடியாததும் இல்லை. ஒன்றுதான் பாக்கி. அவர்கள் கொடுக்கிற வார்ப்பில் சில பீஸில் மெஷினிங் முடிந்த பிறகுதான் உள்ளே காற்றோட்டை தெரிகிறது. அந்த பீஸுக்கு நம் லேபரை யார் தருவது என்று பிஓவில் ஒரு வரி இல்லை. "பாத்துக்கலாம் சார்" என்கிறார் பர்சேஸ் ஆள். அந்த வரி எழுத்தில் வருகிறவரை 1,500 தான் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.