முகடா, ஓடையா? யாரும் போகாத பாலை மலையில் இருவர் ஏறும்போது

பேர்போன மலைகளுக்குப் பாதை இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத பாலை மலைக்குச் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் சம உயரக் கோட்டு வரைபடம் மட்டும்தான் துணை. அதனால் அடிவாரத்திலேயே எனக்கும் நண்பனுக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும்: மலையின் முதுகுபோல நீளும் முகட்டைப் பிடித்து ஏறுவதா, வறண்ட ஓடைக்குள் நுழைவதா?

அவன் ஓடைக் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. முகட்டில் வெயில் ஏறிய பிறகும் ஓடைக்குள் நிழல் மிச்சமிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆளுக்கு நாலைந்து லிட்டர் சுமக்கும் நாளில் அந்த நிழல் பெரிய விஷயம். வெள்ளம் அலசிய பாறையும் உறுதியானது, கைபோட்டால் பெயர்ந்து வராது. முகட்டிலோ காற்று, இதுதான் உச்சி என்று ஏமாற்றும் மேடுகள், நடுவே வழி மறிக்கும் பாறைத் தூண்கள்.

ஆனாலும் என் வாக்கு முகட்டுக்கே. இருவர் ஏறும்போது கல் உருளுவதுதான் எனக்குப் பெரிய பயம். முகட்டில் பக்கம் பக்கமாக ஏறலாம். குறுகலான ஓடையில் மேலே போகிறவன் தட்டிய கல் நேராகக் கீழே இருப்பவனிடம்தான் வரும். கல் வேகமெடுக்காதபடி இருவரும் ஒட்டியே ஏற வேண்டும், இல்லையென்றால் ஒருவர் திருப்பத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்புறம் மழை. தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், எங்கோ தொலைவில் பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். மேகம் தென்பட்டால் அன்று ஓடை கிடையாது.

வழி தெரிவதில் இரண்டும் நேர் எதிர். முகடுகள் மேலே போகப் போக ஒன்றுசேரும். ஏறும்போது தவறவே முடியாது, இறங்கும்போது எந்தக் கிளை என்று குழம்பும். அதனால் ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து வைத்துக்கொள்வேன். ஓடைகள் கீழே போகப் போக ஒன்றுசேரும். அதனால் இறங்குவதற்கு ஓடைதான் சுலபம் என்று தோன்றும்.

ஒருமுறை அதை நம்பி, முகடு வழியாக ஏறிய நாங்கள் வேறொரு ஓடையில் இறங்கினோம். பாதி மலை இறங்கியதும் ஒரு வறண்ட அருவி: 6 மீட்டர் இருக்கும், செங்குத்து, பிடிக்க இடமில்லை. வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் உயரம் என்றால் 6 மீட்டர் பாறை அதில் தெரியாமலே போகலாம். "திரும்பிடலாம்டா" என்று அவனே சொன்னான். இருந்த தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டு, வந்த சரளையில் மறுபடி ஏறினோம். முகட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அதிலிருந்து, ஏறிப் பார்க்காத ஓடையில் நாங்கள் இறங்குவதில்லை. அடுத்த மலையின் வடக்கு ஓடையை அவன் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறான். வானம் தெளிவாக இருந்து, ஏறுவதற்கு மட்டும் என்றால், சரி, நானும் வருகிறேன்.