நாகர்கோவில் கட்டடமா, தரமணி ஆய்வகமா?

கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைக்குத் திசு வளர்ப்புக் கன்று (செடியின் சிறு துண்டை ஆய்வகக் குடுவையில் வளர்த்து எடுக்கும் கன்று) தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இருக்கும் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் கட்டடம் எடுத்து ஆய்வகமாக மாற்றலாம். இல்லையென்றால் சென்னை தரமணியின் டைசல் பயோ பூங்காவுக்குப் போகலாம்.

டைசல் உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றே கட்டப்பட்டது. கிருமி, விலங்குச் செல் வேலை என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். ஆனால் ஊரிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். கன்று வாங்கும் விவசாயி இங்கே, நாம் அங்கே.

திசு வளர்ப்புக்கு என் தேர்வு நாகர்கோவில்தான். ஆனால் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வளர்ப்பறை இரவும் பகலும் 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஏசி, ஜெனரேட்டர், ஆட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) மும்முனை மின்சாரம் எல்லாம் நம் செலவு. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சுவரில் ஈரம் ஏறினால் பூஞ்சை வரும், குடுவைகள் மொத்தமும் போய்விடும். அதனால் மழைக்காலத்தில் போய் கட்டடத்தைப் பாருங்கள்.

அப்புறம், 11 மாத ஒப்பந்தம் வேண்டாம். சுவரில் பணம் போட்டபின் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது? குறைந்தது 5 வருடம் கேட்டு, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.