'பொருந்தும்' என்ற சொல்லை நம்பிப் பெரிய சக்கரம் வாங்காதீர்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய சக்கரமும் அகலமான டயரும் மாட்ட நினைப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பல மாதச் சேமிப்பு போனது. காரோடு வந்த நல்ல சக்கரங்களும் கையை விட்டுப் போயின. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முன் சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்க, நான் வாரக்கணக்கில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய்வந்திருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

என்னுடையது இரண்டு கதவுள்ள, பின்சக்கர உந்துதல் கொண்ட கார். தொழிற்சாலையிலிருந்து வந்த டயர் 225/45 ஆர் 17. ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைக் காட்டும் எண்) 45. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே தெரிந்த இடைவெளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய சக்கரம் போட்டால் கார் நிற்கும் தோரணையே மாறிவிடும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைக்காரர் 19 அங்குல ரிம் ஒன்றைக் காட்டினார். அகலம் 8.5 அங்குலம், ஆஃப்செட் 35, டயர் 245/35 ஆர் 19. நான் மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கேயாவது உரசுமா? வேகமானி தப்பாகக் காட்டுமா? எடை கூடுமா? "அப்படியே பொருந்தும் சார், ஒரு மாற்றமும் தேவையில்லை. டயரின் மொத்த உயரம் பழையதேதான். எடை குறைந்த ரகம், சுழற்றி அழுத்திச் செய்தது" என்றார். பழைய சக்கரங்களைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். கொடுத்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அதுதான். புதிய சக்கரத்தில் குறைந்தது ஒரு மாதமாவது ஓட்டிப் பார்க்கும்வரை பழையதை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

'மொத்த உயரம் பழையதேதான்' என்ற பேச்சைச் சரிபார்க்க ஒரு பென்சில் போதும், நான்தான் எடுக்கவில்லை. 225/45 ஆர் 17 என்றால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, அதாவது சுமார் 101. ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8. சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு மடங்காகக் கூட்டினால் மொத்தம் 634 மில்லிமீட்டர் வருகிறது. அதே கணக்கில் 245/35 ஆர் 19 போட்டுப் பாருங்கள்: 654. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வித்தியாசம், 3.1 விழுக்காடு. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப்படி 502 முறை சுழலும், புதியது 487 முறைதான். வேகமானி சுழற்சியைத்தான் எண்ணுகிறது. ஆகவே முள் காட்டுவதைவிடக் கார் முன்பைக் காட்டிலும் 3 விழுக்காடு வேகமாகப் போகும். ஐ.நா.வின் வாகன ஒழுங்குவிதிகளில் 39ஆவது, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. அதனால்தான் தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி வைக்கிறார்கள். பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. கியர் விகிதமும் அதே அளவு நீண்டுபோவதால் கார் மந்தமாகப் புறப்படும். வேகத்துக்காக வாங்கிய காரில் இதைச் செய்துகொண்டேன்.

முதல் நாளே வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துப் பின்னால் எடுத்தபோது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் டயர் கரகரவென்று உரசியது. கடைக்காரர் மறைப்பின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிவிட்டு, இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார். ஒரு மாற்றமும் தேவையில்லை என்று அதே வாய்தான் சொல்லியிருந்தது. அடுத்த வாரம் பின்னிருக்கையில் இருவர் ஏறிக்கொள்ள, ஒரு வேகத்தடையில் கார் அமுங்கி எழுந்தபோது மட்கார்டின் மடிப்பு டயரின் தோள்பட்டையைச் சீவி எடுத்தது.

இதற்குக் காரணம் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரின் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும், அதோடு சுழலும் நடுப்பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். என் ரிம்மின் அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இரண்டு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் வளர்ந்தது. ஆஃப்செட் 45இலிருந்து 35 ஆனதால் மேலும் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளியது. ஆக வெளி விளிம்பு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் பிதுங்கியது, உள் விளிம்பு வெறும் 2.7 மட்டும் உள்ளே போனது. டயர் 10 மில்லிமீட்டர் மேலேயும் ஏறியிருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் மட்கார்டில் இடிக்காமல் என்ன செய்யும்? சக்கரம் வெளியே தள்ளும்போது ஸ்டீயரிங்கின் இயல்பும் கெடுகிறது. பள்ளம் மேடுகளில் கார் கையை இழுக்கத் தொடங்கியது. அலைன்மென்ட் பார்த்தும் அது போகவில்லை, ஏனென்றால் கோளாறு கோணத்தில் இல்லை.

அடுத்து வந்தது நடுக்கம். 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும், 110க்கு மேல் சற்று அடங்கும். மூன்று முறை பேலன்சிங் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் சுழியம் காட்டியது, ஒவ்வொரு முறையும் சாலையில் நடுக்கம் திரும்பி வந்தது. 'சாலை சரியில்லை' என்றார் கடைக்காரர். 'காரின் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கும்' என்றார். அந்தப் பேச்சை நம்பி சஸ்பென்ஷனில் நன்றாக இருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினேன்.

உண்மை வெளியே வந்தது ஒரு பள்ளத்தால். பெரிய பள்ளம்கூட இல்லை, பழைய சக்கரத்தில் தட்டென்று ஒரு சத்தத்தோடு கடந்துபோயிருப்பேன். பழைய டயரில் 101 மில்லிமீட்டர் இருந்த பக்கச்சுவர் புதியதில் 86தான். அடியை வாங்க அங்கே ரப்பரும் காற்றும் குறைவு. முன் இடது டயரின் பக்கவாட்டில் முட்டைபோல ஒரு வீக்கம் எழுந்தது. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட டயரை ஒட்டவோ செப்பனிடவோ முடியாது. இம்முறை வேறொரு பணிமனைக்குப் போனேன்.

அங்கே இருந்த மூத்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரை வைத்ததுமே நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நட்டுகள் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. ஒரு நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் அமரும் முகம் பந்துபோல உருண்டையாக இருந்தது. புதிய ரிம்மின் துளையோ கூம்பு வடிவம். என் காரின் பழைய நட்டுகளையே புதிய ரிம்முக்கும் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். உருண்டை முகம் கூம்பில் அமர்ந்தால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடும். எவ்வளவு முடுக்கினாலும் பிடிப்பு நிற்காது, தளர்ந்துகொண்டே வரும்.

ரிம்மைக் கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது. கடைகளில் தனியாக விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைத்துச் செய்யப்படுகின்றன. என்னுடையதில் அது 73.1 மில்லிமீட்டர், என் காரின் ஹப் 64.1. நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். நான்கு சக்கரங்களில் ஒன்றில்கூட வளையம் இல்லை. சக்கரம் மையத்தில் உட்காரவே இல்லை. நட்டுகளும் தவறான வடிவம் என்பதால் அவையும் அதை மையத்துக்கு இழுக்கவில்லை. பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிப்பதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது. மாதக்கணக்கில் நான் தேடிய நடுக்கத்தின் காரணம் ஒரு சிறு வளையம்.

பிறகு டயரைப் பிரித்தார். ரிம்மின் உள் விளிம்பு வளைந்து, ஓரிடத்தில் மயிரிழைபோல விரிசல் ஓடியிருந்தது. வெறும் ரிம்மைத் தராசில் வைத்தோம், 13.2 கிலோ. முன்பு பிரேக் பேட் மாற்றும்போது ஆர்வத்தில் என் பழைய சக்கரத்தை டயரோடு நிறுத்துப் பார்த்திருக்கிறேன், 19.4 கிலோ. இது டயரோடு 24.6. ஒரு மூலைக்கு ஐந்து கிலோவுக்கு மேல், அதுவும் சுருள்வில்லுக்குக் கீழே தொங்கும் எடை, வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சுழற்றியும் நிறுத்தியும் ஆக வேண்டிய எடை. 'எடை குறைந்த ரகம்' என்றாரே, அது பச்சைப் பொய். சாதாரண வார்ப்புதான். பின்புறத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்ற எண் இல்லை. ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் முத்திரையும் இல்லை, தனி ஆய்வகச் சோதனையைக் காட்டும் விஐஏ முத்திரையும் இல்லை, ஜெர்மன் அனுமதியின் கேபிஏ எண்ணும் இல்லை. ரிம் வாங்கும்போது முன்பக்கப் பளபளப்பைப் பார்த்தது போதும், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டயரிலும் ஒரு சூது இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. இந்த நான்கு எண்கள் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். என் டயர்களில் அது உட்பக்கம் திரும்பியிருந்தது. அதனால் நான் ஒருநாளும் பார்க்கவில்லை. இரண்டு டயர்கள் புதியவை. மற்ற இரண்டும் நான் வாங்கிய நாளிலேயே நான்கு ஆண்டுக்கு மேல் பழையவை. மாட்டும் முன் டயரைத் தரையில் படுக்கவைத்து இரண்டு பக்கமும் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. என் பழைய டயரின் சுமைக் குறியீடு 91, அதாவது 615 கிலோ. புதியது 93, 650 கிலோ, கூடுதல் சுமைக்கென்று செய்யும் எக்ஸ்எல் வகை. கூடுதல்தானே என்று நிம்மதியாக இருந்தேன். சாதாரண டயர் தன் முழுச் சுமையை 2.5 பார் அழுத்தத்தில் தாங்கும், எக்ஸ்எல் டயருக்கோ 2.9 பார் வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவான 2.3 பார் நிரப்பினால் 93 குறியீட்டு எக்ஸ்எல் டயர் பழைய 91ஐவிடக் குறைவாகவே தாங்கும். அதே சுமைக்குச் சுமார் 0.2 பார் கூட்டியிருக்க வேண்டும். கடையில் பழைய அளவையே நிரப்பி அனுப்பினார்கள். பள்ளத்தில் ரிம் வளைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்த மெக்கானிக் சொன்னார், நானும் அப்படியே நம்புகிறேன்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ரசீதைக் கேட்டார். நீட்டினேன். 'அலாய் வீல், டயர், 4 எண்ணிக்கை' என்று மட்டும் எழுதியிருந்தது. அளவு இல்லை, ஆஃப்செட் இல்லை, ரிம்மின் ரகம் இல்லை, டயரின் தயாரிப்பு வாரம் இல்லை. வாயால் சொன்ன எதுவும் தாளில் இல்லை. பள்ளத்தில் விழுந்ததற்கு உத்தரவாதம் கிடையாது என்றார். நட்டைப் பற்றிக் கேட்டபோது, "பொருந்தித்தானே சார் இத்தனை நாள் ஓடியது" என்றார். பழைய தேதி போட்ட இரண்டு டயர்களுக்கு மட்டும், படங்களைப் பார்த்த பிறகு, பாதித் தொகை திரும்பக் கிடைத்தது. என் பழைய சக்கரங்களை இரண்டாம் வாரமே வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ரசீதில் இவ்வளவும் எழுதி வாங்குங்கள்: ரிம்மின் விட்டம், அகலம், ஆஃப்செட், போல்ட் வட்டத்தின் அளவு (போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, வளையம் தரப்படுகிறதா என்பது, நட்டின் இருக்கை வடிவம், ரிம்மின் எடையும் சுமைத் திறனும், டயரின் முழு அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு, தயாரிப்பு வாரம். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். போல்ட் வட்டத்தில் 112ஐயும் 114.3ஐயும் 'கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்று சொல்பவர் இருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம், அந்த 2.3 மில்லிமீட்டர் போல்ட்டை வளைக்கும். மாட்டிய பிறகு முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் முடுக்கச் சொல்லுங்கள், 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

என் காரில் இப்போது இருப்பது அதே காரின் உயர்ரக மாடலோடு வந்த 18 அங்குல சக்கரம், பழையதாக வாங்கினேன். டயர் 225/40 ஆர் 18, மொத்த உயரம் 637 மில்லிமீட்டர், தொழிற்சாலை அளவோடு அரை விழுக்காடுகூட வேறுபடவில்லை. உரசல் இல்லை, நடுக்கம் இல்லை. முதல் வளைவிலேயே என் காரை மறுபடி அடையாளம் கண்டுகொண்டேன்.

விரிசல் விடாத மூன்று 19 அங்குல ரிம்கள் வீட்டில் கிடக்கின்றன. நல்ல விலைக்குக் கேட்டு இருவர் வந்தார்கள். சுமை எண் இல்லாத அந்தப் பின்பக்கத்தைக் காட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவற்றை வெட்டி, அலுமினியம் உருக்குபவரிடம் எடைக்குப் போடப் போகிறேன்.