லேத் துளையில் துரு: வினிகரா, ரீமரா, மரக்கூம்பா?

பினாங்கில் அக்டோபர் மழையும் பச்சை மரமும் ஒன்று சேர்ந்தால் மரம் கடையும் லேத்துக்குக் கெட்ட காலம். சாலையோரம் வெட்டிப் போட்டிருந்த அங்சானா கிளை ஒன்றைக் கொண்டுவந்து, பட்டர்வொர்த் வீட்டுப் பின்கட்டில் கடைந்தேன். ஈர மரம் சுற்றும்போது சாறு தெறிக்கும். அன்று இருட்டிவிட்டதால் டிரைவ் சென்டரை (மரத்தைக் குத்திப் பிடித்துச் சுழற்றும் முனை) ஸ்பிண்டிலின், அதாவது மோட்டார் சுழற்றும் தண்டின், துளையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பத்து நாள் கழித்துத் தட்டி எடுத்தால், துளை முழுக்கச் செம்பழுப்பு. மேலாகத் துடைத்து மறுபடி மாட்டினேன். உளியை வைத்ததும் மரமும் சென்டரும் நின்றுவிட்டன. ஸ்பிண்டில் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

என் லேத்தில் இருப்பது எண் 2 மோர்ஸ் டேப்பர் என்ற நிலையான அளவுள்ள கூம்புத் துளை. வாய்ப் பக்கம் 17.78 மி.மீ. விட்டம், உள்ளே 20 மி.மீ. போகப் போக ஏறக்குறைய 1 மி.மீ. குறுகும். இதில் மரையும் இல்லை, ஆணியும் இல்லை. இரண்டு கூம்புகள் முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்பதால் வரும் உராய்வுதான் பிடிப்பு. நடுவில் ஒரு துருப்பொக்கு புடைத்திருந்தாலும் சென்டர் அதன்மேல் ஏறி நின்றுகொள்ளும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. அப்புறம் வழுக்கல், ஆட்டம், கீறல்.

பிறையில் ரொம்ப காலம் ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, பள்ளத்தப் பாத்துப் பயப்படாதீங்க. மேட்ட மட்டும் எடுங்க" என்றார். துரு தின்ற பள்ளம் அப்படியே இருந்தாலும் பிடிப்புக்குப் பெரிய நட்டமில்லை, மேடுதான் எதிரி. எந்த வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இப்போது எடைபோடுகிறேன்: மேட்டை மட்டும் எடுக்கிறதா, நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்கிறதா? ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் பக்கம்), டெயில்ஸ்டாக் (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் பக்கம்) இரண்டு துளைகளிலுமாக ஆறு வழிகளைச் செய்து பார்த்தேன். எல்லாமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் திருப்பிச் செய்தவை. ஓடும் ஸ்பிண்டிலுக்குள் விரலையோ துணியையோ விடவே கூடாது.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் துடைப்பான் நல்ல பொருள்தான், ஆனால் துருவுக்கு அல்ல. தூள், எண்ணெய்ப் பிசுக்கு, இவற்றோடு அதன் வேலை முடிந்தது. பித்தளைக் கம்பிப் பிரஷும் அப்படியே. பித்தளை எஃகைவிட மென்மையானது, அதனால் துளையைக் கீறாமல் காய்ந்த சாற்றையும் மரச்சீவலையும் உதிர்த்துவிடும். முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். உதிர்ந்ததை வெளியேற்றக் காற்றடிக்கும்போது பின்பக்கத்திலிருந்து அடித்தால் முகத்தில் தெறிக்காது.

அடுத்தது குச்சியில் சுற்றிய மணல்தாள். எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான், எனக்கு மிகவும் பிடிக்காததும் இதுதான். நேரான குச்சி கூம்புத் துளையில் எங்கே படும்? ஒரு இடத்தில் தேய்க்கும், இன்னொரு இடத்தைத் தொடவே தொடாது. வேகமாகச் செய்தால் துளையின் வாய் மணிபோல் விரிந்துவிடும். அதன் பிறகு எந்தச் சென்டரும் ஒழுங்காக உட்காராது.

வினிகரை நான் முழுதாகத் தள்ளவில்லை. டெயில்ஸ்டாக்கின் குயிலை (quill, முன்னும் பின்னும் நகரும் உருளைக் குழாய்) கழற்ற முடிந்தால் ஓரிரவு ஊறப்போடலாம்; துரு இளகிவிடும். எடுத்ததும் சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர்க் காற்றில் கொஞ்சம் தாமதித்தாலும் புதுத் துரு படரும். ஹெட்ஸ்டாக்கில் மட்டும் இது வேண்டவே வேண்டாம். ஸ்பிண்டில் பேரிங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கசியும் அமிலம் அங்கே போனால் துருவைவிடப் பெரிய செலவு.

மிஞ்சியவை ரீமரும் மரக்கூம்பும். உண்மையான போட்டி இவற்றுக்கிடையேதான்.

ரீமர் என்பது துளையின் உட்பக்கத்தைச் சீவும், பல்லுள்ள கூம்புக் கருவி. துளையின் அதே சரிவில் வெட்டுவதால் மேட்டைத்தான் முதலில் தொடும். அதற்குமேல் ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினாலும் நல்ல எஃகையும் சீவத் தொடங்கிவிடும், துளை பெரிதாகும், சென்டர் இன்னும் உள்ளே போய் உட்காரும். டெயில்ஸ்டாக்கில் இதன் விளைவு உடனே தெரியும்: குயிலைப் பின்னுக்கு இழுக்கும்போது சென்டர் முன்னைவிடச் சீக்கிரமே தள்ளப்பட்டு வெளியே வரும், அந்த அளவுக்குப் பயன்படும் நீளம் குறையும். வாங்கினால் ஃபினிஷிங் ரீமராக (கடைசியாக மெல்லச் சீவுவது) பார்த்து வாங்குங்கள். வெட்டு எண்ணெய் விட்டு, கையால், வலப்பக்கம் மட்டும் திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பினால் முனை மழுங்கும். லோரோங் கூலிட் சந்தையில் பழையது கிடைத்தால் ஒவ்வொரு விளிம்பையும் வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் துளை நெடுகக் கோடு விழும்.

மரக்கூம்புக்கு அந்த ஆபத்து இல்லை. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் சக், ஸ்பிண்டிலின் வெளி மரையில் ஏறுவதால் துளை துருவாக இருந்தாலும் லேத் ஓடும். ரப்பர் மரத் துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, வாய்ப் பக்கம் 17 மி.மீ. சொச்சம், மறுமுனை 14 மி.மீ. சொச்சம் என்று 64 மி.மீ. நீளத்துக்குக் கடைந்தேன். நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, 400 எண் மணல்தாளின் ஓரத்தை அதில் செருகி ஒரே ஒரு சுற்று சுற்றினேன். கூம்பு கெட்டியாக இருப்பதால் தாள் பள்ளத்துக்குள் இறங்காது. மேட்டை மட்டும் தேய்க்கும். சில துளி எண்ணெய் விட்டு இருபது முப்பது திருப்பு, துடைப்பு, புதுத் தாள். மூன்று முறை மாற்றியதும் துணியில் செந்தூள் வருவது நின்றது.

என் தேர்வு மரக்கூம்புதான். சென்டர் சுழன்று உலோகமே பிசிறாக எழும்பிவிட்ட துளைக்கு மட்டும் ரீமரை எடுப்பேன், அதுவும் பிசிறு போகும்வரை மட்டுமே.

எதைச் செய்தாலும் சோதிக்காமல் மரத்தை மாட்டாதீர்கள். துளையில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, சென்டரின் கூம்பில் மார்க்கர் பேனாவால் நீளவாக்கில் மூன்று கோடு போட்டு, உள்ளே அழுத்தி லேசாக ஒரு திருப்பு. வெளியே எடுத்துப் பார்த்தபோது என் சென்டரில் மூன்று கோடுகளும் அடிமுதல் நுனிவரை கலைந்திருந்தன, பள்ளம் இருந்த இரண்டு இடங்களைத் தவிர.